ஹார்ப்பர்ஸ் ஃபெரி, 1859: பொது வாசகருக்கான வரலாற்று நூலில் எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: தேடல்

வணக்கம். அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய வெள்ளையரான ஜான் பிரவுன், அடிமைகளின் எழுச்சியைத் தொடங்க 1859 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்த நிகழ்வைப் பற்றி, பொது வாசகருக்காக எழுதப்பட்ட நூல் ஒன்றில் பாதியைத் தாண்டியிருக்கிறேன். நடை நாவல் போல ஓடுகிறது. எனக்குச் சந்தேகம் வருவதற்கும் அதுதான் காரணம்.

நள்ளிரவில் இரண்டு பேர் பேசிக்கொண்டது மேற்கோள் குறிக்குள் அப்படியே வருகிறது. பக்கத்தில் எண் போட்ட அடிக்குறிப்பு எதுவும் இல்லை. இதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது, பெயர்கள் குழம்புகின்றன. ஆண்டர்சன் இருவர், காப்பக் இருவர், தாம்சன் இருவர், பிரவுன் நால்வர். யார் எங்கே இறந்தார் என்று திரும்பத் திரும்பப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, "அடிமைகளில் ஒருவர்கூட எழுச்சியில் சேரவில்லை" என்று ஒரே வரியில் நூல் கடந்து போய்விடுகிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை அப்படி முடித்துவிட முடியுமா?

கடைசியாக, ஞாயிறு இரவு ஊரைப் பிடித்தவர் செவ்வாய் காலை வரை ஏன் அங்கேயே இருந்தார்? படித்த வரையில் நூல் இதற்குத் தெளிவான விடை தரவில்லை.

----

பதில் 1: நிலவரை

நண்பரே, முதலில் பெயர்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: சண்டையில் இறந்தவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள், தப்பியவர்கள். பிரவுனையும் சேர்த்து மொத்தம் 22 பேர். இறந்தவர்கள் 10, தூக்கிலிடப்பட்டவர்கள் 7, தப்பியவர்கள் 5. நூலில் ஒரு பெயர் வரும்போதெல்லாம் அதை உரிய பத்தியில் எழுதுங்கள். கூட்டல் 22 வராவிட்டால் இரண்டு பேரை ஒருவராகக் கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ஜெரமையா ஆண்டர்சன் வெள்ளையர், கடைசித் தாக்குதலில் இறந்தார். ஆஸ்போர்ன் ஆண்டர்சன் கறுப்பினத்தவர், தப்பிவிட்டார். எட்வின் காப்பக் தூக்கிலிடப்பட்டார், அவர் தம்பி பார்க்ளே தப்பினார். வில்லியம், டாஃபின் தாம்சன் சகோதரர்கள் இருவருமே இறந்தார்கள். அவர்கள் பிரவுனுக்குச் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள். மகன் வாட்சன் மணந்தது அவர்கள் சகோதரியைத்தான். பிரவுனின் மகன்களில் வாட்சனும் ஆலிவரும் இறந்தார்கள், ஓவன் தப்பினார். ஊர்ப்பெயர்களிலும் ஒரு கண்ணி உண்டு: விசாரணை நடந்த சார்ல்ஸ் டவுன் வேறு, சார்ல்ஸ்டன் வேறு. இன்னொன்று, அன்று வர்ஜீனியாவில் இருந்த ஹார்ப்பர்ஸ் ஃபெரி இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது 1863இல்.

இன்னொரு தாளில் வரைபடம் போடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. போடோமக் ஆறும் ஷெனாண்டோவா ஆறும் கூடுகிற முனையில் ஊர். ஆற்றுக்கு ஒன்றாக இரண்டு பாலங்கள். போடோமக் கரையோரம் ஆயுதத் தொழிற்சாலை. அதன் வாயிலருகே தீயணைப்பு வண்டிக் கொட்டகை. தெருவுக்கு அந்தப் பக்கம் கிடங்கு. ஷெனாண்டோவா ஓரமாக அரை மைல் மேலே ஹால் துப்பாக்கிப் பட்டறை. போடோமக் பாலத்தைக் கடந்து மேரிலாந்துக்குள் சுமார் 5 மைல் போனால் அவர்கள் தங்கியிருந்த கென்னடி பண்ணை. இந்த ஆறேழு புள்ளிகளும் தாளில் இருந்தால் உங்கள் நான்காவது கேள்விக்குப் பாதி விடை கண்ணில் பட்டுவிடும். திரும்பிப் போகிற வழி ஒரு பாலத்தை நம்பியிருந்தது. தன்னிடம் இருந்த ஆட்களையோ பிரவுன் நான்கைந்து இடங்களில் பிரித்து வைத்திருந்தார்.

அதற்கு மேல் நேரத்தை எழுதுங்கள். அக்டோபர் 16 ஞாயிறு இரவு பண்ணையிலிருந்து பிரவுனோடு 18 பேர் கிளம்பினார்கள், 3 பேர் ஆயுதங்களுக்குக் காவலாகப் பின்தங்கினார்கள். இரவு பத்தரை வாக்கில் பாலம் பிடிபட்டது. தந்திக் கம்பிகளை வெட்டினார்கள். நள்ளிரவுக்கு மேல், ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வழியில் வந்த லூயிஸ் வாஷிங்டன் என்கிற பண்ணையாரைப் பிணையாகக் கொண்டுவந்தார்கள். ஒரு மணி தாண்டி பால்டிமோர் பக்கம் போகும் ரயில் வந்து நின்றது. முதலில் குண்டுக்குப் பலியானவர் ஹேவர்ட் ஷெப்பர்ட். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலை பார்த்தவர், சுதந்திரமான கறுப்பினத்தவர். அடிமை முறையை ஒழிக்க வந்த படையால் முதலில் உயிரிழந்தவர் அவர் என்பதை எந்த நூலும் ஒரு வரியில் தாண்டிப் போகக் கூடாது.

விடியும் நேரம் பிரவுன் அந்த ரயிலைப் போக விட்டார். ரயில் நடத்துநர் காலை 7 மணி அளவில் மோனோகசி நிலையத்திலிருந்து தந்தி கொடுத்தார். கம்பி வெட்டிய வேலை அத்தோடு வீணாயிற்று. 17ஆம் தேதி நண்பகல் வாக்கில் சார்ல்ஸ் டவுன் குடிப்படை (ஊர்மக்களால் ஆன ஆயுதப் படை) மேரிலாந்துப் பக்கமாகச் சுற்றி வந்து போடோமக் பாலத்தைப் பிடித்தது. வெளியேறும் வழி மூடியது அப்போதுதான். ஆகவே "ஏன் 32 மணி நேரம் இருந்தார்" என்பதைவிட "காலை 7 முதல் 12 வரை ஏன் நகரவில்லை" என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அந்த ஐந்து மணி நேரமும் அவர் கையில் இருந்தது. துணைத்தளபதி நிலையில் இருந்த ஜான் காகி, வெளியேறலாம் என்று துப்பாக்கிப் பட்டறையிலிருந்து ஆளனுப்பியும் பிரவுன் அசையவில்லை. பண்ணையிலிருந்து ஆயுதங்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டார அடிமைகள் வருவார்கள், அங்கே ஆயுதம் எடுப்பார்கள் என்று அவர் காத்திருந்தார் என்பதே என் முடிவு. பிணையாளிகள் கையில் இருக்கும்வரை பேரம் பேசலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. மதியத்துக்கு மேல் வெள்ளைக் கொடியோடு வெளியே வந்த மகன் வாட்சனும் ஏரன் ஸ்டீவன்ஸும் சுடப்பட்டபோது அந்த நம்பிக்கை போயிற்று.

17ஆம் தேதி இரவு ராணுவக் கர்னல் ராபர்ட் லீ தலைமையில் மரீன் படையினர் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பிரவுன் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார். 18 காலை 7 மணி வாக்கில் சம்மட்டியால் அதன் கதவு உடையாமல், ஒரு கனத்த ஏணியால் இடித்து உள்ளே நுழைந்தார்கள். சண்டை சில நிமிடங்களில் முடிந்தது.

----

பதில் 2: மூலப்படி

அடிக்குறிப்பைப் பற்றி. பொது வாசகருக்கான நூல்களில் எண் போடாமல், கடைசிப் பக்கங்களில் "பக்கம் இத்தனை, இந்தச் சொற்றொடர்" என்று குறிப்புகளை அடுக்குவது வழக்கம். ஒரு அத்தியாயத்தைத் தொடங்கும் முன் அதற்கான குறிப்புகளை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மின்னூலில் அந்தப் பக்க எண்கள் அச்சுப் பதிப்புக்குரியவையாக இருக்கும், திரையோடு பொருந்தாது. சொற்றொடரை நகலெடுத்துத் தேடினால்தான் சிக்கும். ஒலிநூலில் பெரும்பாலும் குறிப்புகளை வாசிப்பதில்லை. இந்த நிகழ்வைப் படிப்பதற்கு ஒலிநூலை மட்டும் நம்ப வேண்டாம்.

மேற்கோள் குறிக்குள் வரும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். ஹார்ப்பர்ஸ் ஃபெரியைப் பொறுத்தவரை அந்தப் பேச்சுகள் வரக்கூடிய ஊற்றுகள் சிலவே.

பி: பிணையாளிகளும் ஊராரும் விசாரணையில் சொன்னவை. சார்ல்ஸ் டவுன் நீதிமன்றத்திலும், அடுத்து செனட் அமைத்த குழுவின் முன்னும் சொன்னார்கள். குழுவின் அறிக்கை 1860 ஜூனில் வந்தது. நாள் நெருக்கம், சத்தியப் பிரமாணம், குறுக்குக் கேள்வி எல்லாம் இதன் பலம். ஆனால் சொன்னவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். குழுத் தலைவர் வர்ஜீனியா செனட்டர் ஜேம்ஸ் மேசன், 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை வரைந்தவர். பின்னாளில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவரான ஜெபர்சன் டேவிஸும் குழுவில் இருந்தார். எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதையும் இதை நினைவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

க: கடிதங்கள். பிரவுன் பண்ணையில் விட்டுப்போன பெட்டியில் இருந்த கட்டுகள். பிறகு சிறையிலிருந்து அவர் எழுதியவை. முதல் வகை திட்டத்துக்கும், பணம் கொடுத்த ஆறு வடபகுதி ஆதரவாளர்கள் பற்றிய தடயங்களுக்கும் நேரடிச் சான்று. இரண்டாம் வகையை எழுதும்போது அது அச்சேறும் என்று பிரவுனுக்குத் தெரியும்.

ப: பத்திரிகை. பிடிபட்ட அன்றே, ரத்தக் காயங்களோடு படுத்திருந்த பிரவுனிடம் வர்ஜீனியா ஆளுநர் வைஸ், மேசன் முதலானோர் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் ஒரு நியூயார்க் நிருபர் குறித்துக்கொண்டார். நூலில் பிரவுன் பேசுவதாக வரும் கூர்மையான வரிகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன. நம்பத்தக்கது. ஆனால் எல்லாப் பத்திரிகைச் செய்தியும் அப்படியல்ல. தூக்குமேடைக்குப் போகும் வழியில் பிரவுன் ஒரு கறுப்பினத் தாயின் குழந்தையை முத்தமிட்டார் என்ற கதையும் ஒரு நியூயார்க் பத்திரிகையில்தான் பிறந்தது. தூக்கு நாளான டிசம்பர் 2 அன்று சிறையிலிருந்து மேடைவரை ராணுவம் நின்றது. பொதுமக்களை அருகில் விடவில்லை. 1880களில் தாமஸ் ஹோவண்டன் தீட்டிய ஓவியம் அந்தக் காட்சியை நிலைநிறுத்திவிட்டது. உங்கள் நூலில் அந்த முத்தம் நடந்த நிகழ்வாகவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆசிரியர் மற்ற இடங்களிலும் சான்றை உரசிப் பார்க்காமல் எடுத்திருப்பார் என்று எச்சரிக்கையாக இருக்கலாம்.

நி: வருடங்கள் கழிந்த நினைவு. இதுதான் நாவல் நடைக்கு அதிகமாகத் தீனி போடுகிறது. 1859 ஆகஸ்டில் சேம்பர்ஸ்பர்க் கல்குவாரியில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸும் பிரவுனும் சந்தித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நீ எஃகுப் பொறிக்குள் போகிறாய், உயிரோடு திரும்ப மாட்டாய் என்று டக்ளஸ் எச்சரித்ததாக எல்லோரும் எழுதுகிறார்கள். அது 1881இல் வந்த அவருடைய சுயசரிதையில் இருப்பது. சந்திப்பு நடந்தது உறுதி. டக்ளஸ் சேர மறுத்ததும், உடன் வந்த ஷீல்ட்ஸ் கிரீன் பிரவுனோடு போனதும் உறுதி. சொல்லுக்குச் சொல் பேச்சு மட்டும் 22 வருட நினைவு. ஆசிரியர் அதை "டக்ளஸ் பின்னர் எழுதினார்" என்று சொல்கிறாரா, நேற்று ஒட்டுக்கேட்டது போல எழுதுகிறாரா என்பதே அளவுகோல்.

இந்த நான்கில் எதிலும் சேராத பேச்சு வந்தால் அது ஆசிரியர் கட்டியது.

----

பதில் 3: கரைவழி

மூன்றாவது கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். "ஒருவர்கூடச் சேரவில்லை" என்பது 1859இல் வர்ஜீனியா அதிகாரிகளுக்கும் பண்ணையார்களுக்கும் தேவைப்பட்ட வாக்கியம். எங்கள் அடிமைகள் விசுவாசிகள், வெளியாள் வந்து கெடுக்கப் பார்த்தான் என்று சொல்ல அது உதவியது. லீயின் அறிக்கையும், வந்தவர்கள் கட்டாயத்தால் வந்தார்கள் என்ற தொனியிலேயே பேசுகிறது. அந்த வாக்கியத்தை இன்றைய நூல் அப்படியே எடுத்தாண்டால், அதைச் சொன்னவர் யார் என்பதை வாசகரிடமிருந்து மறைக்கிறது.

எதிர்ப்பக்கச் சாட்சி ஆஸ்போர்ன் ஆண்டர்சன். உள்ளே இருந்து சண்டையிட்டுத் தப்பி, 1861இல் தன் அனுபவத்தை அச்சிட்டவர் அவர் ஒருவரே. வாஷிங்டன் பண்ணையிலிருந்தும் மற்ற பண்ணைகளிலிருந்தும் அழைத்துவரப்பட்டவர்கள் ஆர்வத்தோடு ஆயுதம் ஏந்தினார்கள், சிலர் உயிரிழந்தார்கள் என்று எழுதுகிறார். அவரையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. கடைசித் தாக்குதலைக் கண்ணால் கண்டதாக அவர் சொல்வதும், அவரும் படையில் இருந்த ஹாஸ்லெட்டும் கிடங்கிலிருந்து நழுவிய நேரமும் பொருந்தவில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நேரத்தைப் பிசகிச் சொன்னதால் கண்ட ஆட்களையும் கற்பனை செய்தார் என்று ஆகிவிடாது.

அதனால் பண்ணையார்களின் சொந்தச் சாட்சியத்துக்கே போங்கள். கொட்டகைச் சுவரில் சுடுவதற்கான துளைகளைப் போட்டவர், பிணையாகப் பிடிபட்ட இன்னொரு பண்ணையாரான ஆல்ஸ்டாட்டின் பண்ணையைச் சேர்ந்த அடிமை ஃபில் என்பது பிணையாளிகளின் வாயிலிருந்தே வருகிறது. அதே பண்ணையின் பென் சார்ல்ஸ் டவுன் சிறையில் இறந்தார். வாஷிங்டனின் வண்டியோட்டி ஜிம் ஆற்றில் மூழ்கி இறந்தார். இவர்கள் விரும்பி வந்தார்களா, பயந்து வந்தார்களா? தோற்ற பிறகு "கட்டாயப்படுத்தினார்கள்" என்று சொல்வது ஒன்றே அவர்கள் உயிர் பிழைக்க இருந்த வழி. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அவர்கள் மனதை அளக்க முடியாது. அடுத்த மாதம் விசாரணை நடந்த அந்த ஜெபர்சன் மாவட்டத்தில் ஜூரியாக இருந்தவர்கள் சிலருடைய களஞ்சியங்கள் எரிந்தன. யார் வைத்த தீ என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் "ஒருவரும் அசையவில்லை" என்று எழுதுவது முறையல்ல.

வந்தவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதும் உண்மைதான். காரணத்தைத் தேட வேண்டிய இடம் மனத்துணிவு அல்ல, ஏற்பாடு. ரகசியம் காப்பதற்காகப் பிரவுன் முன்கூட்டி யாரிடமும் செய்தி பரப்பவில்லை. ஞாயிறு நள்ளிரவில் துப்பாக்கியோடு கதவைத் தட்டும் அறிமுகமற்ற வெள்ளையரை நம்புவதா என்று சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். மறுநாள் நண்பகலுக்குள் சாலையெங்கும் ஆயுதம் ஏந்திய குடிப்படை. அந்தச் சில மணி நேரத்தில் எத்தனை பேருக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆயுதக் கணக்கையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். பிரவுன் கையில் 198 ஷார்ப்ஸ் துப்பாக்கிகளும், கனெக்டிகட்டில் ஒன்று 1 டாலர் விலையில் செய்யச் சொன்ன சுமார் 950 ஈட்டிகளும் இருந்தன. துப்பாக்கி பிடித்தே பழகாதவர் கையில் கொடுப்பதற்காகவே ஈட்டி. 22 பேருக்கு எதற்கு இத்தனை? ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்த மனிதர் அவர். கிடங்கில் இருந்த லட்சம் துப்பாக்கிகளை அள்ளிப் போகத்தான் வந்தார் என்று எழுதும் நூல்கள், அவற்றை ஏற்றிச் செல்ல வண்டி வரிசை எதுவும் தயார் செய்யப்படவில்லை என்பதைக் கவனிப்பதில்லை.

படையில் இருந்த ஐந்து கறுப்பினத்தவருக்கு உங்கள் நூல் எத்தனை பக்கம் தருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். டேஞ்சர்ஃபீல்ட் நியூபி, லூயிஸ் லியரி, ஜான் கோப்லண்ட், ஷீல்ட்ஸ் கிரீன், ஆஸ்போர்ன் ஆண்டர்சன். நியூபியின் மனைவி ஹாரியட் வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து 1859இல் எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன: எஜமானர் என்னை விற்றுவிடக்கூடும், சீக்கிரம் வந்து மீட்டுக்கொள்ளுங்கள் என்ற மன்றாட்டு. 17ஆம் தேதி பிரவுனின் ஆட்களில் முதலில் விழுந்தவர் நியூபி. பிறகு ஹாரியட் லூசியானாவுக்கு விற்கப்பட்டார். இந்த நிகழ்வு ஏன் நடந்தது என்று புரிய, பிரவுனின் தாடியை வர்ணிக்கும் பத்துப் பக்கங்களைவிட அந்தக் கடிதங்கள் அதிகம் சொல்லும்.

----

தேடல்:

மூவருக்கும் நன்றி. தாளில் 22 சரியாக வந்துவிட்டது. இன்னும் இரண்டு. நூலின் முற்பகுதியில் 1856 கான்சாஸ் கொலைகள் மிக வேகமாகக் கடந்து போகின்றன. பிற்பகுதியில் பிரவுன் குடும்பத்தில் பைத்தியம் பரம்பரையாக இருந்தது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

----

பதில் 4: மூலப்படி

பைத்தியம் பற்றிய அத்தியாயத்தின் அடியில் இருப்பது 1859 நவம்பரில் ஒஹாயோவிலிருந்து ஆளுநர் வைஸுக்குப் போன 19 வாக்குமூலங்கள். அவற்றைத் திரட்டியது பிரவுனின் தூக்கை நிறுத்துவதற்காக. உறவினரும் நண்பர்களும் அவர் உயிரைக் காக்க எழுதிக் கொடுத்த தாள்கள் அவை, மருத்துவக் குறிப்புகள் அல்ல. பிரவுனே நீதிமன்றத்தில் எழுந்து அந்த வாதத்தை மறுத்தார். பிடிபட்ட அன்று அவரிடம் பேசிய வைஸ், அவர் பைத்தியம் அல்ல, தெளிவான தலை என்று வெளிப்படையாகச் சொன்னார். நோக்கத்தைச் சொல்லாமல் வாக்குமூலத்தை மட்டும் எடுத்துக் காட்டும் அத்தியாயத்தை நம்ப மாட்டேன்.

கான்சாஸ் விஷயத்தில் வேகம் ஆகாது. 1856 மே 24 இரவு பொட்டவாட்டமி ஓடைக்கரையில் பிரவுன் தலைமையிலான குழு ஐந்து பேரை வீடுகளிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டியது. ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் அந்த ஐவரில் அடக்கம். ஐவரில் எவரும் அடிமை வைத்திருக்கவில்லை, ஆனால் அடிமை முறை ஆதரவுக் கட்சியோடு இணைந்து நின்றவர்கள். மூன்று நாள் முன் அடிமை முறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது, இரண்டு நாள் முன் அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சம்னர் அவையிலேயே தடியால் அடிக்கப்பட்டார். சூழலைச் சொல்ல வேண்டும், செயலையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1860இல் வந்த முதல் வாழ்க்கை வரலாறு பிரவுன் அங்கே இல்லவே இல்லை என்று எழுதியது. அந்தக் குழுவுக்கு வண்டி ஓட்டிய ஜேம்ஸ் டவுன்ஸ்லியின் வாக்குமூலம் 1879இல் அச்சான பிறகு அப்படி எழுதுவது கடினமாயிற்று. பிரவுனை நேசிக்கும் நூல் இந்த இரவை ஒரு பத்தியில் முடிக்கும். வெறுக்கும் நூல் இதிலேயே தொடங்கி, 1858 டிசம்பரில் அவர் மிசூரிக்குள் புகுந்து 11 அடிமைகளை விடுவித்துக் கடுங்குளிரில் கனடா வரை கொண்டு சேர்த்ததை ஒரு பத்தியில் முடிக்கும். இரண்டுக்கும் எத்தனை பக்கம் என்று பார்த்தாலே ஆசிரியரின் சாய்வு தெரிந்துவிடும்.

----

பதில் 5: நிலவரை

விசாரணை அத்தியாயத்துக்கு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். நவம்பர் 2 அன்று தண்டனைக்கு முன் பிரவுன் ஆற்றிய உரையை எல்லா நூலும் முழுதாகத் தரும். கொலையோ துரோகமோ, அடிமைகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதோ என் நோக்கமல்ல, மிசூரியில் செய்தது போல அவர்களை விடுவித்துக் கொண்டுபோகவே நினைத்தேன் என்கிறார். கேட்டால் உருகும் உரை. ஆனால் 1858 மே மாதம் கனடாவின் சாட்டம் ஊரில் நடந்த மாநாட்டில் அவர் முன்வைத்து நிறைவேற்றிய 48 பிரிவுகள் கொண்ட தற்காலிக அரசியல் சட்டத்தோடும், அந்த ஈட்டிகளோடும் இது பொருந்தாது. அவருக்கே அது தெரிந்திருந்தது. நவம்பர் 22 அன்று அரசு வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹண்டருக்கு எழுதிய கடிதத்தில், அவசரத்தில் பேசியதைத் திருத்தி, அடிமைகளை வெளியே ஓட்டிச் செல்வதல்ல, தங்கள் சுதந்திரத்தைத் தாங்களே காத்துக்கொள்ளும் நிலையில் அவர்களை வைப்பதே நோக்கம் என்று விளக்கினார். உரையைத் தரும் நூல் இந்தக் கடிதத்தையும் தருகிறதா என்று பொருளடைவில் "ஹண்டர்" என்ற பெயரின் கீழ் தேடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் நீங்களே எழுதிவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.